சாயம் பூசுவதா, ஏற்றுவதா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் குடியிருப்புத் தமிழர்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். ஆலையில் சாயப் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவன் என்பதால், இந்த முறை 'சாயம்' என்ற சொல்லைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல என்னை மாட்டிவிட்டார்கள். வந்த கேள்விகளும் நான் சொன்னதும் இதோ.

சாயம், நிறம், வண்ணம் மூன்றும் ஒன்றுதானே சார்? (ஜெயநகர் அம்மா ஒருவர்)

ஒன்றில்லை அம்மா. "சேலை என்ன நிறம்?" என்கிறோம், "சாயம் போகுமா?" என்கிறோம். மாற்றிக் கேட்டுப் பாருங்கள், இடிக்கும். நிறமும் வண்ணமும் கண்ணுக்கு. சாயம் கையில் ஒட்டுகிற பொருள். கூட வரும் வினைச்சொல்லைக் கவனித்தால் போதும்: சாயம் ஏறும், பிடிக்கும், இறங்கும், போகும். துணியைச் சாயத்தில் தோய்ப்போம், முக்குவோம். நூலுக்குள் போய் உட்கார்ந்தால்தான் அது சாயம். மேலே அப்பிக்கொண்டு நின்றால் பூச்சு. அந்தக் கணக்கில் உதட்டுச்சாயம் என்பதே தப்பு, பூச்சு என்றுதான் சொல்ல வேண்டும். மருதாணி அசல் சாயம், தோலிலேயே ஏறிவிடும். "அரசியல் சாயம் பூசாதீர்கள்" என்று பேப்பரில் எழுதும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும். சாயத்தை எங்கே ஐயா பூசுகிறார்கள்?

சொல் தமிழா, வடமொழியா?

'சாய்' என்பதற்கு ஒளி, அழகு, நிறம் என்று அகராதி பொருள் தருகிறது. வடமொழி 'சாயா'வுக்கும் நிழல், ஒளி, நிறம் என்ற பொருள்கள் உண்டு. யார் வீட்டுப் பிள்ளை என்ற சண்டைக்கு நான் வரவில்லை. அந்தச் சொல் நம் ஊரிலிருந்து கப்பல் ஏறிய கதைதான் எனக்குப் பிடித்தது.

அதென்ன கப்பல் கதை?

சோழமண்டலக் கரையோர மணலில் இம்பூறல் என்று ஒரு சின்னச் செடி. அதன் வேர்ப்பட்டையில் சிவப்பு. அதனால் சாயவேர் என்று பெயர். ஆங்கிலேயர் 'சாய வேரை' 'சே ரூட்' ஆக்கித் தங்கள் அகராதியில் சேர்த்துக்கொண்டார்கள்.

அந்த வேரால் துணிக்குச் சாயம் ஏற்றிய விதத்தையும் சொல்கிறேன். முதலில் துணியைக் கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்து வெயிலில் காயவைப்பார்கள். பால் கொழுப்பு இருப்பதால் அடுத்து வரைகிற கோடு ஊறிப் பரவாது. பிறகு படிகாரக் கரைசலில் பூ, கொடி வரைவார்கள். அது அப்போது கண்ணுக்குச் சரியாகத் தெரியவே தெரியாது. துணியைச் சாயவேரோடு கொதிக்கவிட்டால், படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைக் கவ்விக்கொள்ளும். மற்ற இடத்தில் ஏறியதை வெளுத்து எடுத்துவிடலாம்.

இந்த முறையையெல்லாம் 1742-ல் பிரான்சுக்குக் கடிதமாக எழுதி அனுப்பியவர் கேர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார். தொழில் ரகசியத்தைக் கடத்தினார் என்றும் சொல்லலாம். இதே மனிதர்தான் 1767-ல், சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் உறவு என்று பாரிசுக்கு எழுதியவர். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த ஆங்கிலேயர் வில்லியம் ஜோன்ஸ் அதைச் சொல்லிப் பெயர் வாங்கியது 1786-ல். சாயத்தையும் சொல்லையும் ஒரே கண்ணால் பார்த்த ஆள்.

வேரில் இருந்த அதே சிவப்பு அலிசரின். அதை 1868-ல் ஜெர்மனியில் நிலக்கரித் தாரிலிருந்து செய்துவிட்டார்கள். அப்புறம் வேர் தோண்ட யார் போவார்?

சாயாவுக்கும் சாயத்துக்கும் சொந்தம் உண்டா? (சிவாஜிநகர் தம்பி, கையில் கிளாஸோடு)

இல்லை தம்பி. டீயைச் சொல்லும் சாயா சீனத்து 'சா'விலிருந்து வந்தது. ஆனால் தேயிலையில் இறங்குவதையும் நாம் சாயம் என்றுதான் சொல்கிறோம். இலங்கை மலையகத்தில் பால் இல்லாத தேநீருக்குச் சாயத்தண்ணி என்று பெயர்.

கன்னடத்தில் 'பண்ண' என்கிறார்களே, அது நம் வண்ணமா?

அதேதான். வடமொழி 'வர்ண' பிராகிருதத்தில் 'வண்ண' ஆகி இரண்டு வீட்டுக்கும் வந்தது. நம் வகரம் கன்னடத்தில் பகரமாகும்: வா – பா, வேர் – பேரு, வாழை – பாளெ. முகஸ்துதிக்கு இங்கே 'பண்ணத மாது', வண்ணப் பேச்சு என்பார்கள்.

எங்கள் ஆபீஸ் அனிலுக்கும் அனிலின் சாயத்துக்கும்…

சம்பந்தமில்லை, அவர் காற்று. அனிலின் நம்ம 'நீலம்'. அது அரபியில் 'அன்னீல்' ஆகி, போர்த்துகீசியரிடம் 'அனில்' ஆனது. 1840-ல் அவுரிச் செடியின் நீலத்தைக் காரத்தோடு சூடாக்கிக் கிடைத்த எண்ணெய்க்கு அந்தப் பெயரை வைத்தார்கள்.

'சாயம் வெளுத்துப் போச்சு' என்பது நீல நரிக் கதையில் வந்ததுதானே?

தொட்டியில் விழுந்த நரியை மழை நனைத்துக் காட்டிக்கொடுத்தது என்று பாட்டிமார் சொல்வார்கள். பஞ்சதந்திரத்தில் மழை இல்லை, நரி ஊளையிட்டு மாட்டிக்கொள்கிறது. பஞ்சதந்திரம் சொல்வதுதான் சரி. அவுரி மழைக்கெல்லாம் கரையாது. தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும்; காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். அப்படி ஆன பிறகு தண்ணீரில் கரைய மறுக்கும். எத்தனை வருஷம் பார்த்தும் அந்த அரை நிமிஷம் எனக்குச் சலிக்கவில்லை.

கேள்வி சொல்லைப் பற்றி இல்லை சார். போன மாதம் வாங்கிய சிவப்புச் சேலை ஒரே தண்ணீரில் வீட்டுத் துணியையெல்லாம் ரோஜா நிறமாக்கிவிட்டது. உப்பில் ஊறவைத்தால் நிற்குமா?

நிற்காது அம்மா. சாயத் தொட்டியில் நூலுக்குள் சாயத்தைத் தள்ளிவிடத்தான் உப்பு. ஏறாமல் மேலே தங்கியதைக் கடைசியில் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் அலசி எடுக்க வேண்டும். அதற்குத் தண்ணீரும் விறகும் செலவாகும் என்று யாரோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள். தனியாக நாலைந்து முறை அலசுங்கள், குறையும். அடுத்த முறை கடையிலேயே ஈரக் கைக்குட்டையால் முந்தானையின் உள்மூலையை நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.