பாப்பா சைக்கிள் ஏன் சாயுது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அண்ணே வணக்கம், நாங்க பினாங்கு பாயான் பாருல இருக்கோம், மகளுக்கு அஞ்சு வயசு. என் சைக்கிளுக்குப் பின்னால மாட்டி இழுக்குற ஒத்தச் சக்கர சைக்கிள், அதான் ட்ரெய்லர் பைக், தெரிஞ்சவங்ககிட்ட செகண்ட் ஹேண்ட்ல 150 வெள்ளிக்கு வாங்கினேன், புக்லாம் வரல. சீட்டுக்குக் கீழ உள்ள கம்பியில கிளாம்ப்ப எவ்ளோ டைட் பண்ணாலும் கொஞ்ச தூரம் போனதும் சுத்திக்குது, மக ஒரு பக்கமா சாஞ்சே வர்றா. பழைய டியூப்ப வெட்டி நடுவுல சுத்தலாம்ங்குறார் வீட்டுக்காரர். சரியா வருமா?

பதில்: வேணாம் தங்கச்சி, அந்த வேலைய நான் முன்னமே பாத்துட்டேன். மகன் சின்னப் பையனா இருந்தப்ப மோட்டோ டியூப்ப ரெண்டு சுத்து சுத்தி மாட்டினேன், வாசல்ல ஆட்டிப் பாத்தா கல்லு மாதிரி நின்னுச்சு, வளைவுல திரும்பினப்ப ரப்பர் நசுங்கி கிளாம்ப் சுத்தி பையன் புல்லுல விழுந்தான், ரெண்டடி தள்ளி லொங்காங், அதான் சாக்கடை. அன்னைக்கு வீட்டுல வாங்கிக் கட்டிக்கிட்டது தனிக் கதை.

கோளாறு பெரும்பாலும் அளவுலதான் இருக்கும். சீட் போஸ்ட்ட, அதான் நீங்க சொன்ன சீட்டுக்குக் கீழ உள்ள கம்பிய, வெளிய உருவிப் பாருங்க, கீழ்ப்பக்கம் நம்பர் குத்தியிருக்கும். நெறைய சைக்கிள்ல 27.2 மில்லிமீட்டர், மவுண்டன் பைக்னா 30.9 இல்ல 31.6, மலிவு சைக்கிள்ல 25.4 கூட வரும். கிளாம்ப்போட உள் வட்டம் அதவிடப் பெருசா இருந்தா, என்ன முறுக்கினாலும் ரெண்டு எடத்துலதான் கடிக்கும், அதான் சுத்துது. அந்த இடைவெளிய அடைக்கிறதுக்குன்னே ஷிம்னு ஒரு வளையம் இருக்கு, செகண்ட் ஹேண்ட்ல கைமாறும்போது முதல்ல தொலையுறதே அதுதான். ரெண்டு அளவையும் எழுதி எடுத்துட்டுப் போய் சைக்கிள் கடையில அலுமினிய ஷிம் கேளுங்க. மாட்டுற எடத்துல கிரீஸ் துளிகூட இருக்கக்கூடாது, போல்ட்ட மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க.

இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க, நீங்க சீட்ட ரொம்ப இறக்கி வச்சு ஓட்டுறவங்களா? அப்ப வெளிய தெரியுற போஸ்ட் கிளாம்ப் உக்காரவே பத்தாது, பாதிதான் கடிச்சிருக்கும். அதுக்காக போஸ்ட்ல உள்ள கோட்டத் தாண்டி மேல இழுத்துடாதீங்க, ஒடிஞ்சிடும். போஸ்ட்டே ஃபிரேமுக்குள்ள சுத்துதான்னும் பாருங்க. ஓட்டிட்டு வந்ததும் சீட் மூக்கு கோணலா இருந்தா அதான் வியாதி, ஃபிரேம்ல போஸ்ட்டப் பிடிக்கிற, கையால திறக்குற லீவர எடுத்துட்டு போல்ட் போட்டுடுங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் சாஞ்சா, இணைப்பு மூட்டு தேஞ்சிருக்கும். ஒருத்தர் உங்க சைக்கிள நேரா பிடிக்க, நீங்க பாப்பா சைக்கிள ரெண்டு பக்கமும் சாச்சுப் பாருங்க. லேசா ஆடும், புள்ள ஒரு பக்கமா உக்காந்தாலும் சாயும், அது பரவால்ல. கடகடன்னு ஆடுனா மூட்டுக்குள்ள இருக்குற புஷ்ஷுங்குற வளையத்த மாத்தணும், அது கிடைக்கலன்னா 150 வெள்ளி போனா போகுதுன்னு விட்டுடுங்க லா.

இணைப்பு மூட்டுல சொருகுற பின்னுல (pin) கிளிப் மாட்டியிருக்கான்னு ஒவ்வொரு தடவையும் கையால தொட்டுப் பாருங்க, கண்ணு ஏமாத்தும். அந்தச் சின்ன சைக்கிள்ல பெரும்பாலும் பிரேக் கிடையாது, ரெண்டு பேரையும் நிறுத்துறது உங்க பிரேக்தான், அதனால குயின்ஸ்பே கடலோரத்துல போறப்ப மழை பிடிச்சா எறங்கித் தள்ளிட்டே வாங்க.

கேள்வி: கேஎல் செந்தூல்லேர்ந்து எழுதுறேன் சார். என் சைக்கிள் போஸ்ட் கார்பன். ஞாயித்துக்கிழமை காலையில சிட்டிக்குள்ள ரோட்ட மூடுறாங்கல்ல, அங்க மகன இதே மாதிரி இழுத்துட்டுப் போகலாமா?

பதில்: கார்பன்ல கிளாம்ப் போடாதீங்க, நசுங்கி விரிசல் விடும், வெளிய தெரியாமலேயே. அளவு பாத்து அலுமினிய போஸ்ட் ஒண்ணு வாங்கி மாத்திட்டுப் போங்க, அந்தக் கார்பன பத்திரமா பீரோவுல வச்சுக்குங்க.