அப்பாவின் ஆர்.எக்ஸ்.100-ஐ வீட்டிலேயே மாற்றிக் கட்டினேன், போலீஸ் பிடித்துவிட்டது: என்ன வழி?

கேள்வி: சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறேன். அப்பா 1994-இல் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ்.100 பல வருடமாக வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அப்பா மூன்று வருடத்துக்கு முன் இறந்துவிட்டார். இப்போது வீட்டில் அம்மா, தங்கை, நான். வண்டியை முழுசாகப் பிரித்து வீட்டிலேயே கட்டினேன். கிரேங்க்கேஸில் (எஞ்சினின் அடிப்பகுதியை மூடும் அலுமினியக் கூட்டில்) விரிசல் இருந்ததால் பழைய சாமான் கடையில் வேறொன்று வாங்கினேன், பில் இல்லை. பழைய கேஸ் வீட்டில் இருக்கிறது. ஆர்.எக்ஸ்.135-இன் சிலிண்டர் பிளாக்கை ஏற்றி, கஃபே ரேசர் பாணிக் குட்டை சீட்டுக்காகப் பின் ஃபிரேமை வெட்டி வெல்டிங் வைத்தேன். வேறு சைலன்சர் போட்டேன். சிவப்பு வண்டியை மேட் பிளாக் ஆக்கினேன். கண்ணாடி, இண்டிகேட்டர், சேலை கார்டு எல்லாம் கழற்றிவிட்டேன். ஏற்காடு போகும்போது அடிவாரத்தில் போலீஸ் நிறுத்தி வண்டியை எடுத்துக்கொண்டார்கள். ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான். 2009-இலேயே காலம் முடிந்துவிட்டது. இன்சூரன்ஸ் இல்லை. லேத்துக் கடைக்காரர் புதுக் கேஸில் பழைய நம்பரைப் பஞ்ச் அடித்துத் தருகிறேன் என்கிறார். நண்பர் ஒருவர் வண்டியை இப்படியே கொடு, ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார். வின்டேஜ் வண்டி என்று பதியலாம் என்றும் ஒருவர் சொன்னார். என்ன செய்வது?

பதில்: தம்பி, முதல் வேலையாக லேத்துக் கடைக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்கள் எழுதியதில் அபராதம் கட்டித் தீர்க்கக்கூடியவைதான் அதிகம். நம்பர் பஞ்ச் மட்டும் அப்படியல்ல. அதைச் செய்துவிட்டால் விஷயம் மோட்டார் வாகனச் சட்டத்தோடு நிற்காது, கிரிமினல் வழக்காகிவிடும்.

நம்பரைத் தேய்த்துவிட்டு வேறு நம்பர் அடித்தால் யாருக்குத் தெரியும் என்று நினைப்பார்கள். தெரியும். எழுத்து அச்சை உலோகத்தில் அடிக்கும்போது மேற்பரப்பு மட்டும் அல்ல, அதற்குக் கீழே உள்ள பகுதியும் இறுகிப்போகிறது. மேலே அரம் போட்டு வழவழப்பாக்கினாலும் அந்த இறுக்கம் உள்ளே இருக்கும். தடய அறிவியல் கூடத்தில் அதற்கான ரசாயனத்தைத் தடவினால் பழைய நம்பர் நிழலாக மேலே வரும். அதற்கு முன்பே, மோட்டார் வாகன ஆய்வாளர் கண்ணில் பட்டுவிடும். பஞ்ச் அடித்த எழுத்தின் உருவம், இடைவெளி, சுற்றியிருக்கும் வார்ப்பின் சொரசொரப்பு எல்லாம் வருடக்கணக்காகப் பார்த்துப் பழகிய கண் அது.

இன்னொன்றும் இருக்கிறது. பில் இல்லாமல் வாங்கிய அந்தக் கேஸ் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அது திருட்டு வண்டியின் கேஸாக இருந்தால், திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வைத்திருப்பவருக்கு பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 317-ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. தெரியாமல் வாங்கியவர் குற்றவாளி இல்லை. ஆனால் நம்பரை மாற்றி அடித்தவர் 'எனக்குத் தெரியாது' என்று சொன்னால் எந்த நீதிமன்றமும் நம்பாது. ஆகவே அந்தக் கேஸின் நம்பரைத் தொடவே வேண்டாம். வாங்கிய கடையில் இப்போதாவது தேதி போட்டு, நம்பர் குறித்து, ஒரு ரசீது கேளுங்கள். தர மறுத்தால் அந்தக் கேஸை உங்கள் வண்டியில் வைத்திருப்பதே ஆபத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த வரி, பழைய கேஸ் வீட்டில் இருக்கிறது என்பது. அதைத் தயவுசெய்து பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். சட்டத்தின் கண்ணில் உங்கள் அப்பாவின் வண்டி என்பது ஆர்.சி.யில் இருக்கும் இரண்டு நம்பர்கள்: ஹேண்டில்பார் கழுத்தில் இருக்கும் சேஸிஸ் நம்பர், கிரேங்க்கேஸில் இருக்கும் எஞ்சின் நம்பர். இரண்டின் மேலும் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, டேப் ஒட்டி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கேஸின் நம்பரை இன்றைக்கே எடுத்துவிடலாம், சேஸிஸ் நம்பருக்கு வண்டி கைக்கு வரும்வரை பொறுக்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

விரிசல் பேரிங் உட்காரும் இடத்தில் இல்லாமல், நம்பர் பட்டையையும் தொடாமல் இருந்தால், அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் வைத்து முகத்தைச் சமன்செய்து மறுபடி பயன்படுத்த முடியும். சேலத்தில் அந்த வேலைக்கு ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அப்படிச் செய்தால் எஞ்சின் நம்பர் பிரச்சினை மொத்தமாகத் தீர்ந்தது. கேஸ் தேறாது என்றால், அதே கம்பெனி, அதே மாடல் எஞ்சினை ரசீதுடனும், அது வந்த வண்டியின் ஆர்.சி. நகலுடனும் வாங்கி, பொருத்துவதற்கு முன் ஆர்.டி.ஓ.விடம் அனுமதி கேட்க வேண்டும். அது நீண்ட வழி.

சரி, ஸ்டேஷனில் நிற்கும் வண்டிக்கு வருகிறேன். உங்களுக்குக் கொடுத்த சலானை எடுத்து எந்தெந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 207-ஆம் பிரிவின்படி போலீஸ் வண்டியையே பிடித்துவைக்க முடிவது சில காரணங்களுக்கு மட்டும்தான்: லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது, பதிவு இல்லாமல் ஓட்டியது, பெர்மிட் மீறல். சைலன்சர் மாற்றியதற்கு அபராதம் உண்டு. அது மட்டுமே வண்டியைப் பிடித்துவைக்கக் காரணம் ஆகாது. ஆனால் உங்கள் பதிவு 2009-இலேயே முடிந்துவிட்டது. காலாவதியான ஆர்.சி. பதிவு இல்லாததற்குச் சமம். ஆகவே அவர்கள் பிடித்தது தப்பில்லை.

அபராதக் கணக்கு சுமாராக இப்படி வரும். பதிவு இல்லாமல் ஓட்டியதற்கு 192-ஆம் பிரிவில் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. இன்சூரன்ஸ் இல்லாததற்கு 196-ஆம் பிரிவில் 2,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும். சத்தம், புகை விதிகளை மீறியதற்கு 190(2)-இல் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பும் வரலாம். 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4) உரிமையாளருக்கானது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். ஃபிரேம், பிளாக், சைலன்சர் என்று தனித்தனியாக எண்ண முடியும்.

வண்டியை மீட்க, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆர்.சி. மூன்றையும் வைத்து எழுத்தில் மனுக் கொடுங்கள். அதில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: வண்டியைச் சாலையில் ஓட்டிச் செல்ல மாட்டேன், சின்ன லோடு வண்டியில் ஏற்றிச் செல்கிறேன், ஆர்.சி. புதுப்பிக்கும்வரை ஓட்ட மாட்டேன். இப்படி எழுதிக் கொடுத்தால் அதிகாரிக்கும் விடுவிக்க மனம் வரும். வழக்கு நீதிமன்றத்துக்குப் போய்விட்டால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 497-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் இடைக்கால ஒப்படைப்பு கேட்க வேண்டும். வண்டிகளை ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் மக்கவிடக் கூடாது, சீக்கிரம் உத்தரவு போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இலேயே சொல்லியிருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். வக்கீல் ஃபீஸ் சிரமம் என்றால் அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. உங்களுக்குத் தகுதி உண்டா என்று கேளுங்கள்.

வீட்டில் பைக்கைப் பிரித்துக் கட்டக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. எஞ்சின் இறக்குங்கள், சிலிண்டருக்கு ரீபோர் போடுங்கள், ஸ்போக் மாற்றுங்கள், ஒயரிங் புதிதாக இழுங்கள். சட்டம் பார்ப்பது கட்டி முடித்த வண்டியை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்வது, கம்பெனி குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது. கேரளத்திலிருந்து போன ஆர்.டி.ஓ. எதிர் கே.ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதற்குப் பிறகு, 'மாற்றிவிட்டு 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குச் சொன்னால் போதும்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அப்படித் தெரிவிக்கும் வசதி, கம்பெனி விவரத்தையே மாற்றிவிடும் வேலைக்கு உதவாது.

135 பிளாக்கைப் பற்றி நிறையப் பேர் வாதாடுவார்கள். 98 சி.சி. இருந்தது 132 ஆகிறது, இரண்டுமே 75-க்கும் 150-க்கும் இடையில்தான், இன்சூரன்ஸ் பிரீமியம்கூட மாறாதே என்பார்கள். பிரீமியம் மாறாது, உண்மை. ஆனால் ஆர்.சி.யில் சி.சி. என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 98 என்று எழுதியிருக்கிறது. அதைவிட எனக்குக் கவலை தருவது ஏற்காட்டிலிருந்து இறங்கும் பாதை. இருபது கொண்டை ஊசி வளைவு. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆக்சிலேட்டரை விட்டால் வண்டியைப் பிடித்து நிறுத்தும் இழுவை குறைவு. முழு பாரமும் பிரேக் மேல் விழும். உங்கள் வண்டியில் முன்னும் பின்னும் டிரம் பிரேக். அதுவும் 98 சி.சி.க்குக் கணக்குப் போட்டு வைத்தது. அதோடு வெட்டி ஒட்டிய பின் ஃபிரேம். அந்த வெல்டிங் மேல்தான் ஷாக் அப்சார்பர் தாங்கும் எடையும், பின்னால் உட்காரும் ஆளின் எடையும் வருகிறது. பின்னால் உட்காரப்போவது உங்கள் தங்கையோ நண்பனோ. ஃபிரேமையும் பிளாக்கையும் நீங்கள் கம்பெனி அளவுக்குத் திருப்ப வேண்டும் என்று சட்டத்தை வைத்து மட்டும் சொல்லவில்லை. பின் பகுதிக்குப் புது லூப் (ஃபிரேமின் வளைந்த பின்முனை) செய்வதென்றால் தெரிந்த ஃபேப்ரிகேட்டரிடம், ஒரிஜினல் வண்டி ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி அளவெடுத்துச் செய்யுங்கள். சேஸிஸ் நம்பர் இருக்கும் கழுத்துப் பக்கம் வெல்டிங் சூடுகூடப் போகக் கூடாது.

மற்றவை எல்லாம் ஸ்பேனர் வேலை. கண்ணாடி, இண்டிகேட்டர், கம்பெனி சைலன்சர் திரும்ப வரட்டும். சேலை கார்டு அழகுக்கு இல்லை. பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி 123. பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியும் அதே விதியில் வருகிறது. நம்பர் பிளேட்டில் கலை வேண்டாம். கறுப்பு நிறம் பிடித்திருந்தால் வைத்துக்கொள்ள வழியுண்டு: ஆர்.சி.யில் நிறம் ஒரு விவரம் என்பதால், விண்ணப்பித்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். சீட் கவர், கிரிப், லெக் கார்டு போன்றவற்றை யாரும் கேட்கப்போவதில்லை.

அப்புறம் ஆர்.சி. வேலை இரண்டு. ஒன்று, பெயர் மாற்றம்: படிவம் 31. இறப்பு, வாரிசுச் சான்றிதழ்களோடு, அம்மாவும் தங்கையும் ஆட்சேபணை இல்லை என்று கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும். வண்டி உங்கள் மூவருக்கும் சொந்தம் என்பதை மறக்காதீர்கள். இறந்து 30 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். தாமதத்துக்குக் கூடுதல் கட்டணம் வரும். இரண்டாவது, பதிவு புதுப்பிப்பு: படிவம் 25. வண்டியை ஆய்வாளர் நேரில் பார்ப்பார், ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிப்பார். பழைய ஆர்.சி. புத்தகம் என்பதால் உங்கள் விவரம் 'வாகன்' என்ற அரசின் வண்டிப் பதிவுக் கணினியில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏறவில்லையென்றால் பழைய பதிவேட்டிலிருந்து ஏற்றச் சொல்லி மனுக் கொடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி 20 ஆண்டு தாண்டிய பைக்குக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய். தாமதத்துக்கு மாதம் 300 ரூபாய் என்றும் மத்திய விதியில் இருக்கிறது. எந்தத் தேதியிலிருந்து கணக்கு எடுக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்வார்த்தையில் பணம் கட்டாதீர்கள். பசுமை வரி தனி. 15 ஆண்டு தாண்டிய பைக்கை ஓட்டக் கூடாது என்பது டெல்லிப் பக்கத்துக் கதை. தமிழ்நாட்டில் ஆய்வில் தேறினால் ஓட்டலாம்.

வின்டேஜ் யோசனை உங்களுக்குப் பொருந்தாது. 2021-இல் வந்த அந்த விதிகள் 50 ஆண்டு தாண்டிய, ஒரிஜினல் நிலையில் இருக்கும் வண்டிகளுக்கு. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். தினசரி ஓட்டவும் முடியாது.

இன்சூரன்ஸ், ஆர்.சி. உயிர்பெற்றதும் உடனே எடுங்கள். எதையாவது மாற்றியிருந்தால் எடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள். மறைத்தால் உங்கள் வண்டிக்கான கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகும். அன்று அடிவாரத்தில் போலீஸ் நிறுத்தாமல் விட்டு, மேலே யாரையாவது இடித்திருந்தால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் முழுத் தொகையும் உங்கள் குடும்பத் தலையில் விழுந்திருக்கும்.

அதே காரணத்துக்காகத்தான் நண்பருக்கும் இப்போது விற்க வேண்டாம் என்கிறேன். ஸ்டாம்ப் பேப்பர் எழுத்து ஆர்.சி.யை மாற்றாது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. நண்பர் நாளைக்கு இன்னொருவருக்கு விற்று, அவர் எங்கோ விபத்து செய்தாலும், நோட்டீஸ் கன்னங்குறிச்சி வீட்டுக்குத்தான் வரும். அட்வான்ஸ் ஏதாவது வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு ஒரு ரசீதும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்த பிறகும் விற்க மனமிருந்தால், படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டு, ஆர்.டி.ஓ. பதிவில் அவர் பெயர் ஏறியதைப் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள்.