வாசகர் கேள்விகள்: எகிடென் அணியில் சேரலாமா?

யோகோஹாமாவில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலக எகிடென் (ஜப்பானியச் சாலைத் தொடரோட்டம்) அணிக்கு ஓர் ஆள் குறைகிறது என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். 5 கிலோமீட்டர் ஓட எனக்கு 35 நிமிடம் ஆகும். என்னால் அணி பின்தங்கிவிடுமே! சேரலாமா?
(ஒரு வாசகி)

கட்டாயம் சேருங்கள். முதலில் நேரக் கெடு எப்படி என்று விசாரியுங்கள். அணி முழுவதற்கும் சேர்த்து ஒரே கெடு என்றால் கவலையே இல்லை. வேகமாக ஓடும் இருவர் உங்கள் நிமிடங்களை ஈடுகட்டிவிடுவார்கள். ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் ஒவ்வொரு மாற்றுநிலையத்திற்கும் தனிக் கெடு என்றால், உங்கள் நேரத்தை ஒளிக்காமல் அணித்தலைவரிடம் சொல்லிவிடுங்கள். அதைக் கணக்கில் வைத்துத்தான் அவர் வரிசை போடுவார்.

மாரத்தான் தூரத்தை ஆறு பேர் பகிரும் பந்தயங்களில் 5, 10, 5, 10, 5, 7.195 கிலோமீட்டர் என்று பிரிப்பது வழக்கம். உங்களுடையதும் அப்படியென்றால் மூன்றாவதையோ ஐந்தாவதையோ கேட்டு வாங்குங்கள். முதல் ஆளைக் கூட்டம் இழுத்துக்கொண்டு ஓடும். நடுவில் ஓடுபவருக்கு முன்னும் பின்னும் ஆளே இல்லாமல் போகலாம். தன் வேகத்தில் ஓடத் தெரிந்தவருக்கு அது வசதிதான்.

நான் மிகவும் வற்புறுத்துவது தசுகிப் பயிற்சியை. எகிடெனில் கைமாறுவது கோல் அல்ல, தசுகி என்னும் வளையமாகத் தைத்த துணிப்பட்டை. ஒரு தோளிலிருந்து எதிர் இடுப்புக்குக் குறுக்காக மாட்டி, இழுத்து இறுக்கி, தொங்கும் பகுதியை அரைக்கால்சட்டைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். நிலையம் கண்ணில் பட்டதும் கழற்றிக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது இரு கைகளாலும் விரித்து நீட்டுங்கள். வாங்குபவர் ஓடிக்கொண்டே மாட்டுவார். டோக்கியோவில் எங்கள் அணி மாலை வேளைகளில் ஓட்டத்தை விட்டுவிட்டு இதை மட்டுமே பழகியதுண்டு. மூன்றாவது ஆளிடம் வரும்போது தசுகி வியர்வையில் ஊறி உடம்போடு ஒட்டும். ஆகவே நனைத்தும் பழகுங்கள்.

அதை மாட்டிய வேகத்தில் எல்லோரும் தலைதெறிக்க ஓடுவார்கள். நீங்கள் முதல் கிலோமீட்டரை 7 நிமிடத்துக்குக் குறையாமல் ஓடுங்கள். குளிர்காலம் என்றால், முந்தைய ஆள் கண்ணில் படும்வரை மேலாடையைக் கழற்ற வேண்டாம்.

ஹகோனே எகிடெனைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். முந்தையவர் வந்து சேராமலே அடுத்தவர் ஓடத் தொடங்குகிறாரே, ஏன்?
(இன்னொரு வாசகர்)

1920-இல் தொடங்கிய பல்கலைக்கழகப் போட்டி அது. ஜனவரி 2, 3 தேதிகளில் டோக்கியோவின் ஒதெமாச்சியிலிருந்து ஹகோனேயின் அஷி ஏரிவரை போய்த் திரும்பும் 217.1 கிலோமீட்டரைப் பத்து மாணவர்கள் பகிர்ந்து ஓடுகிறார்கள். பொதுச்சாலையை நாள் முழுவதும் அடைத்துவைக்க முடியாது. அதனால் முதல் அணி கடந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் வராத அணிகளின் அடுத்த ஆளை அனுப்பிவிடுகிறார்கள். இரண்டாம் நாளில் அந்த இடைவெளி 20 நிமிடம். அணியின் மொத்த நேரம் அப்போதும் சரியாகக் கணக்கிடப்படும், பந்தயம் தொடரும். ஆனால் கல்லூரியின் தசுகி அந்த இடத்தில் அறுபடுகிறது. சில நொடிகள் தாமதித்து வந்தவன் அதைக் கையில் பிடித்தபடி வெற்றுக் கோட்டின்மேல் விழுந்து அழுவதைப் பார்த்திருப்பீர்கள். என்னால் அதைத் தாங்க முடிவதில்லை. விதி தேவை என்று தெரிந்தும், இன்னும் ஒரு நிமிடம் பொறுத்தால்தான் என்ன என்று ஒவ்வோர் ஆண்டும் மனம் அடித்துக்கொள்கிறது.