பழைய பாணி ரிவால்வருக்கு எந்தக் காலிபர்: .45-ஆ, .357-ஆ?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மகன் கிரீன் கார்டு வாங்கி டெக்சாஸில் இருக்கிறார், ஒவ்வொரு தடவையும் பின்னால் உள்ள சுத்தியலைக் கையால் இழுத்துச் சுடுகிற கௌபாய் காலத்து சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர் ஒன்று வாங்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. மகனுக்கு .45 காலிபர் (குண்டின் விட்டம், சுமாராக அங்குலத்தில்) தான் வேண்டுமாம், கடைக்காரர் .357 எடுங்கள் என்கிறாராம், மருமகளும் ரேஞ்சுக்கு, அதாவது சுடப் பழகும் இடத்துக்கு, வந்து பழக வேண்டும் என்கிறார், வருடா வருடம் இவரும் அங்கே போய் மூன்று நாலு மாதம் இருந்துவிட்டு வருவதால் அப்பச்சியும் மகனும் சேர்ந்து சுடலாம் என்று திட்டம். எது நல்லது, காரணத்தோடு சொல்லுங்கள் என்பது கேள்வி.

நேராகவே சொல்லிவிடுகிறேன் அண்ணே. .357 மேக்னம் வாங்கச் சொல்லுங்கள், வாங்கிவிட்டு அதில் பெரும்பாலும் .38 ஸ்பெஷல் தோட்டாவைப் போட்டுச் சுடச் சொல்லுங்கள். கடைக்காரர் சொன்னது சரி.

மகன் .45 கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. கோல்ட் (Colt) என்ற துப்பாக்கிக் கம்பெனி 1873-இல் அமெரிக்க ராணுவத்துக்குச் செய்து கொடுத்த ரிவால்வரும் .45 கோல்ட் தோட்டாவும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை. 250 கிரெயின் ஈயக் குண்டு, நம் கணக்கில் 16 கிராமுக்குக் கொஞ்சம் மேலே, விநாடிக்கு 850 அடி போல மெதுவாகத்தான் போகும், ஆனால் போய்ச் சேர்கிற இடத்தில் கனமாக விழும். கையில் அது அறைகிற மாதிரி இருக்காது, தள்ளுகிற மாதிரி இருக்கும், சிங்கிள் ஆக்‌ஷனின் வளைந்த பிடி உள்ளங்கைக்குள் உருண்டு மேலே எழும், அந்த உணர்வு வேறு எந்தத் தோட்டாவிலும் கிடைக்காது. சரித்திரத்துக்காக வாங்குகிறவர் .45 வாங்கினால் நான் மறுத்துப் பேசமாட்டேன்.

ஆனால் இரண்டு விஷயம். கடையில் .45 கோல்ட் தோட்டா .38-ஐவிட நன்றாகவே விலை கூடுதல், விலை கூடினால் சுடுவது குறையும், சுடுவது குறைந்தால் பழக்கம் வராது. சுட்ட பிறகு மிஞ்சும் காலித் தோட்டாக் கூடுகளை எடுத்து வைத்துத் தானே வெடிமருந்து நிரப்புகிறவருக்கு இந்தக் கணக்கு மாறும், உங்கள் மகனுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்று கேளுங்கள். அதிலும் ஒரு எச்சரிக்கை: .45 கோல்ட்டின் கூடு கரிமருந்துக் காலத்தில் செய்தது, உள்ளே இடம் அதிகம். இன்றைய மருந்து கொஞ்சம் போட்டாலே போதும் என்பதால், மறதியில் இரண்டு தடவை போட்டுவிட்டாலும் வழியாது, கண்ணுக்கும் சட்டென்று தெரியாது. அப்படி நிரம்பிய ஒரு தோட்டா, தோட்டாக்கள் உட்காரும் உருளையான சிலிண்டரையே பிளக்கும்.

இன்னொன்று, .45 கோல்ட் என்ற ஒரே பெயரில் கடையில் இரண்டு விதமான தோட்டா கிடக்கிறது. சாதாரணத் தோட்டாவின் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு. சில கம்பெனிகள் அதற்கு மிக அதிகமாக ஏற்றி, பெரிய சட்டம் (ஃபிரேம், அதாவது துப்பாக்கியின் உடல்) உள்ள, ரூகர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் ரிவால்வர் மாதிரியானவற்றுக்கு மட்டும் என்று பெட்டியில் அச்சடித்து விற்கின்றன. அது கோல்ட்டிலோ, இத்தாலியில் செய்யும் நகல்களிலோ, 2005-இல் வந்த சிறிய சட்டம் உள்ள ரூகர் நியூ வக்கேரோவிலோ போகக் கூடாது. வீட்டில் இரண்டு மூன்று பேர் சுடப்போகிற துப்பாக்கிக்கு இந்தக் குழப்பமே வேண்டாம் என்பேன்.

இப்போது .357. இது 1935-இல் வந்தது, .38 ஸ்பெஷலின் கூட்டைக் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீட்டிச் செய்தது. பெயரில் எண் வேறாக இருந்தாலும் குண்டின் விட்டம் இரண்டுக்கும் ஒன்றே, அதனால் .357 ரிவால்வரில் .38 தாராளமாகப் போகும். .38 ரிவால்வரில் .357 உள்ளே போகக் கூடாது என்பதற்காகத்தான் அந்த நீளமே. அழுத்த வரம்பு .38-க்கு 17,000, .357-க்கு 35,000, வித்தியாசம் புரியும். ஆக ஒரே துப்பாக்கியில் மருமகள் பழகுவதற்கு மெத்தென்ற தோட்டாவும், மகன் வேட்டைக்கோ ஆசைக்கோ சுடப் பலமான தோட்டாவும் கிடைத்துவிடுகிறது. மேக்னத்தின் சத்தம் மட்டும் காதைப் பிளக்கும், காதடைப்பு இல்லாமல் ஒரு ரவுண்டுகூடச் சுடக் கூடாது, .38-க்கும் அதேதான்.

எடையையும் பாருங்கள். சிலிண்டரைக் கழற்றிக் கையில் வைத்தால் நம் வீட்டுக் குழிப்பணியாரச் சட்டி மாதிரிதான்: சட்டி அதே அளவு, குழி பெரிசானால் குழிக்கு நடுவே இரும்பு குறையும். ஒரே சட்டத்தில் செய்த .45-ம் .357-ம் வெளியே ஒன்றுபோல இருந்தாலும், சிலிண்டரிலும் குழலிலும் இரும்பு அதிகம் மிஞ்சுவதால் .357 தான் கனம். ஒரு கிலோவுக்கு மேலே எடையுள்ள துப்பாக்கியில் .38 போட்டுச் சுட்டால் உதைப்பு அவ்வளவு சாது, புதிதாகக் கையில் எடுக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்கிற பழக்கத்துக்கு விழமாட்டார். அந்தப் பழக்கம் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

குறையும் உண்டு. குட்டையான .38-ஐ நிறையச் சுட்டால் சிலிண்டர் துளைக்குள் ஒரு கரி வளையம் படியும், அப்புறம் .357 போட்டால் இறுகும். ஒவ்வொரு தடவையும் பிரஷ் போட்டுத் துடைத்தால் தீர்ந்தது. அடுத்து, பழைய பாணி ரிவால்வரில் குறிபார்க்கும் இடம் சட்டத்திலேயே வெட்டிய ஒரு பள்ளம்தான், திருகி மாற்ற முடியாது. .38 ஒரு உயரத்தில் படும், .357 வேறு உயரத்தில் படும். ஒரு தோட்டாவைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நிற்பது நல்லது, 158 கிரெயின் ஈயக் குண்டு .38 எனக்குப் பிடித்தது. இரண்டையும் மாற்றி மாற்றிச் சுடுவேன் என்றால் குறியைத் திருகி வைக்கிற வசதியுள்ள ரூகர் பிளாக்ஹாக் எடுக்கட்டும்.

மற்றக் காலிபர்களையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். .44-40 அழகான பழைய தோட்டா, விலையும் தேடலும் சேர்ந்து அலுக்க வைக்கும். .44 மேக்னம் உங்கள் தேவைக்கு வேண்டவே வேண்டாம். .22 என்றால் தோட்டாச் செலவு மிகக் குறைவு, மருமகளுக்காக இரண்டாவதாக ஒன்று வாங்கலாம்.

தோட்டா போடுகிற விதத்தை மகன் கடையிலேயே கற்றுக்கொள்ளட்டும். கோல்ட்டிலும் அதன் பழைய முறை நகல்களிலும் ஆறு துளை இருந்தாலும் ஐந்துதான் போட வேண்டும், ஏனென்றால் சுத்தியல் இறங்கி இருக்கும்போது அதன் முனை நேராகத் தோட்டாவின் மேலே உட்காரும், கீழே விழுந்தால் வெடிக்கும். சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்தி, பக்கவாட்டுக் கதவைத் திறந்து, ஒன்று போட்டு, ஒரு துளை விட்டு, நான்கு போட வேண்டும். கதவை மூடி, சுத்தியலை முழுக்க இழுத்து, கட்டை விரலால் பிடித்தபடியே மெல்ல இறக்கினால் காலித் துளையின் மேலே வந்து நிற்கும். ரூகர் 1973 முதல் இதற்கென்று உள்ளே ஒரு தடுப்புப் பட்டை வைக்கிறது, அதில் ஆறும் போடலாம். இந்தக் காரணத்துக்காகவே புதிதாகத் தொடங்குகிற குடும்பத்துக்கு ரூகரைச் சொல்கிறேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன், இதைக் கவனமாகப் படியுங்கள். நீங்கள் போவது விசிட்டர் விசாவில் என்றால், அமெரிக்க மத்தியச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ உங்கள் வசம் இருக்கக் கூடாது, ரேஞ்சில் மகன் கொடுத்து வாங்கினாலும் சிக்கல்தான். சில விலக்குகள் உண்டு, அங்கே முறையாக எடுத்த வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது அதில் முக்கியமானது, டெக்சாஸில் வெளியாட்களுக்கும் அது கிடைக்கும். மகன் ஒரு வக்கீலிடம் கேட்டு உறுதி செய்த பிறகு தொடுங்கள். கிரீன் கார்டு இருப்பதால் மகனுக்கு இந்தத் தடை இல்லை.

பிறகு எப்போதாவது ஊருக்குக் கொண்டுவந்து வீட்டில் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். இங்கே 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி மட்டுமில்லை, ஒரு தோட்டா பையில் கிடந்தாலே விமான நிலையத்தில் வழக்கு. ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையை ஊருக்கு வருகிற பயணத்துக்கு எடுக்காதீர்கள், அங்கே போட்டிருந்த சட்டை, கோட்டுப் பைகளையும் கிளம்புவதற்கு முன்னால் ஒருமுறை கையை விட்டுப் பார்த்துவிடுங்கள்.