கிரேக்க கிராமத்துல கிறிஸ்துமஸ்: சில்லறை மாத்தி வைங்க

கேள்வி: வொர்க் ஃப்ரம் ஹோம்ங்கிறதால அக்டோபர்ல இருந்து கார்டமிலி பக்கத்துல ஒரு கிராமத்துல வாடகைக்கு இருக்கோம். டூரிஸ்ட் எல்லாம் போனதும் ஊரே காலி. கிறிஸ்துமஸுக்கு யாரும் கூப்பிடல, நாங்க சைவம் வேற. பேசாம ஏதன்ஸ் போயிடலாமா?

பதில்: போகாதீங்க. நான் முதல் வருஷம் அப்படித்தான் போய், சிண்டாக்மா சதுக்கத்துல லைட்டைப் பார்த்துட்டு, ஓட்டல் ரூம்ல உக்காந்து பிரெட் தின்னேன்.

ஊர் காலியா தெரியறதுக்குக் காரணம், கார்டமிலி இருக்கிற மானி பக்கம் இப்ப ஆலிவ் பறிக்கிற சீசன், விடிஞ்சா எல்லாரும் தோப்புலதான் இருப்பாங்க. உங்களை ஒதுக்குறாங்கன்னு நினைச்சுக்காதீங்க. அங்க கார்டு அடிச்சு விருந்துக்குக் கூப்பிடற பழக்கம்லாம் கிடையாது, வாசல்லதான் எல்லாம் நடக்கும்.

அதனால 24ஆம் தேதி காலையில கண்டிப்பா வீட்ல இருங்க. பசங்க கையில முக்கோணக் கம்பியோட வந்து "நா தா பூமே?"ன்னு கேப்பாங்க, பாடட்டுமான்னு அர்த்தம். "நா தா பீதே"ன்னு சொல்லுங்க, பாடிடுவாங்க, இந்தப் பாட்டுக்குப் பேரு கலந்தா. போன வருஷம் என் வாசலுக்கு வந்த குட்டிப் பையன் முக்கோணத்தை ஷூ லேஸ்ல கட்டித் தொங்கவிட்டிருந்தான், ரெண்டாவது வரி மறந்துபோய் அக்கா மூஞ்சியையே பார்த்துக்கிட்டு டிங் டிங்குனு தட்டிட்டே நின்னான். பாட்டு முடிஞ்சதும் ஒரு யூரோ, ரெண்டு யூரோ காசு குடுக்கணும், முன்னாடியே சில்லறை மாத்தி வைங்க. 31ஆம் தேதியும் ஜனவரி 5ஆம் தேதியும் திரும்ப வருவாங்க.

25ஆம் தேதி சர்ச் பூசை கிராமங்கள்ல விடியறதுக்கு முன்னாடியே, அஞ்சு, அஞ்சரைக்கு ஆரம்பிக்கும். நம்ம மார்கழி மாதிரிதான். நேரத்தை முந்தின நாளே காஃபினியோல, அதாவது அந்த ஊர் காபிக்கடையில, கேட்டு வச்சுக்கோங்க. பின்னாடி நின்னு ஒரு மெழுகுவர்த்தி ஏத்தினா போதும், நற்கருணை மட்டும் ஆர்த்தடாக்ஸ்காரங்களுக்குத்தான். சர்ச்சுக்குள்ள குளிர் எலும்பைத் துளைக்கும், சாக்ஸ் ரெண்டு ஜோடி போட்டுக்கோங்க.

சாப்பாட்டுக்கு வருவோம். நவம்பர் 15ல இருந்து 40 நாள் விரதம், அதனால கிறிஸ்துமஸ் வரைக்கும் உங்களுக்குக் கவலையே இல்ல, பேக்கரியில "நிஸ்தீசிமோ"ன்னு கேட்டா இறைச்சி, முட்டை, பால் இல்லாததைத் தருவாங்க. ஆனா இறால், கணவாய் இதுல சேர்த்தி, அதை மட்டும் கேட்டுக்கோங்க. தேன்ல ஊறின மெலோமக்கரோனாவுல வெண்ணெய் கிடையாது, ஆலிவ் எண்ணெயும் ஆரஞ்சு ஜூஸும்தான். சர்க்கரைப் பொடி தூவின குராபியேதெஸ்ல வெண்ணெய் உண்டு. லலாங்கியான்னு எண்ணெய்ல பொரிச்ச மாவுப் பலகாரம் மானியில பேர்போனது, யாராவது தட்டுல கொண்டுவந்து குடுத்தா தட்டை வெறுமனே திருப்பிக் குடுத்துடாதீங்க, ரெண்டு பருப்பு வடையாச்சும் வச்சுக் குடுங்க. கிறிஸ்துமஸ் அன்னிக்கு மட்டும் எங்க திரும்பினாலும் பன்னிதான். அப்ப "ஈமே ஹோர்தொஃபாகோஸ்", அதாவது நான் சைவம்னு சொல்லிட்டு ஹோர்த்தா கேளுங்க, அவிச்ச காட்டுக்கீரையில ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் ஊத்தித் தருவாங்க.

25, 26 ரெண்டு நாளும் அரசு விடுமுறை. காஸ், மாத்திரை, பிரெட் எல்லாம் 24 மத்தியானத்துக்குள்ள வாங்கிடுங்க. அவசரத்துக்கு 112.

அப்புறம் கூப்பிடலைன்னு சொன்னீங்களே, வீட்டுக்காரர் பேரு என்ன? கிறிஸ்டோஸ்னா 25, மனோலிஸ்னா 26, ஸ்தெஃபனோஸ்னா 27 அவருக்குப் பெயர் நாள், அதாவது அந்தப் பேருக்குரிய திருநாள். பிறந்தநாளைவிட அங்க பெருசு இதுதான், அன்னிக்கு அழைப்பு இல்லாமலே போகலாம். சாயங்காலமா ஒரு பெட்டி ஸ்வீட்டோட போய் "க்ரோனியா போலா"ன்னு சொல்லுங்க, பல்லாண்டு வாழ்கன்னு அர்த்தம், சீக்கிரம் கிளம்ப விடமாட்டாங்க, அதனால அன்னிக்கு ராத்திரி ஆபீஸ் கால் எதுவும் வச்சுக்காதீங்க.