அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஏரிக்கரையில் ஆர்.வி. (தங்கும் வசதியுள்ள வண்டி) பயணம்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, குழுவாக வரும் எங்களில் இரண்டு குடும்பத்தாருடையது துணிக்கூடாரம் விரியும் இழுவை வண்டி. ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. முகாமில் எல்லோரும் ஒன்றாகத் தங்கலாமா?

பதில்: தங்க இயலாது. அது கிரிஸ்லி கரடிகள் நடமாடும் பகுதி என்பதால், சுவரும் கூரையும் கெட்டியாக அமைந்த வண்டிகளை மட்டுமே அனுமதிக்கிறார்கள். அவ்விரு குடும்பத்தாரும் ஏரியை ஒட்டிய பிரிட்ஜ் பே முகாமில் இடம் கிடைக்குமா என்று பார்க்கலாம். எங்கே தங்கினாலும் குளிர்பெட்டி, அடுப்பு, நாயின் உணவுத்தட்டு என வாசனையுள்ள எதையும் இரவில் வெளியே விட்டுவைக்கக் கூடாது.

கேள்வி: விலங்குகளை எங்கே, எப்போது பார்க்கலாம்?

பதில்: ஏரிக்கு வடக்கே, ஆற்றை ஒட்டி விரியும் ஹேடன் பள்ளத்தாக்குக்கு விடியற்காலையில் சென்றுவிடுங்கள். ஆர்.வி.க்களை வரிசையாக ஓட்டிச் செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாலையோர நிறுத்தங்களில் அவற்றுக்கு இடம் போதாது என்பதோடு, பின்னால் வருபவர்களின் வழியும் அடைபடும். பெரிய வண்டிகளை முகாமிலேயே விட்டுவிட்டு, இரண்டு கார்களில் நெருக்கியடித்துச் செல்வதே மேல். ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை காட்டெருமைகள் (பைசன்) இணைசேரும் காலம். கடாக்கள் உறுமுவதும், புழுதியில் புரண்டு எழுவதும், ஒன்றையொன்று முட்டித் தள்ளுவதும் சாலையிலிருந்தே தெரியும்.

கேள்வி: குழந்தைகளுடன் எவ்வளவு அருகில் செல்லலாம் ஐயா?

பதில்: கரடி, ஓநாய், மலைச்சிங்கம் (கூகர்) என்றால் 100 கஜம், அதாவது 91 மீட்டர், காட்டெருமை உள்ளிட்ட மற்றவற்றுக்கு 25 கஜம். விலங்கே நெருங்கி வந்தாலும் விலக வேண்டியவர்கள் நாம்தான். மந்தமாக மேயும் காட்டெருமையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடக்கூடியது. வாலை உயர்த்தினால் உடனே பின்வாங்குங்கள். நல்ல தொலைநோக்கி ஒன்றிருந்தால் அருகில் செல்லும் ஆசையே எழாது.

கேள்வி: முகாமின் பெயரில் உள்ள ஃபிஷிங் பிரிட்ஜ் (மீன்பிடிப் பாலம்) பாலத்திலிருந்து மீன் பிடிக்கலாமா?

பதில்: பெயர்தான் அப்படி, 1973 முதல் அங்கே தடை. பாலத்தின் கீழே முட்டையிட வரும், இந்த ஏரிக்கே உரிய கட்த்ரோட் டிரவுட் மீன்களைக் காப்பதற்காகவே அந்த ஏற்பாடு. 1994இல் ஏரியில் கண்டறியப்பட்ட அயல் இன மீனான ஏரி டிரவுட், கட்த்ரோட்டை உண்டு அதன் எண்ணிக்கையைப் பெரிதும் குறைத்துவிட்டதால், அதையே நம்பியிருந்த மீன்கொத்திக் கழுகுகளும் கரடிகளும் பாதிக்கப்பட்டன.

கேள்வி: கோடையிலும் கம்பளி தேவையா?

பதில்: தேவை. ஏரி 2,350 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால் கோடையிலும் சில இரவுகளில் உறைபனி விழும். வண்டிக்குத் தண்ணீர் வரும் குழாய் உறைந்துவிடாதபடி அதைக் கழற்றி வைத்துவிட்டுப் படுங்கள்.