கல்விப் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வேலைக்காக பெல்ஃபாஸ்ட் வந்திருக்கிறோம். மகளுக்கு அடுத்த ஜூனில் 4 வயது நிறைகிறது. பக்கத்தில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியும் ஒரு அரசுப் பள்ளியும் உண்டு. சற்றுத் தள்ளி ‘இன்டக்ரேட்டட்’ பள்ளி. நாங்கள் இந்துக்கள். அந்த மூன்றாவது பள்ளியில் என்ன விசேஷம்?
– ஒரு வாசகி, பெல்ஃபாஸ்ட்

பதில்: வட அயர்லாந்தில் கத்தோலிக்கப் பிள்ளைகள் பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளிகளிலும், புராட்டஸ்டன்ட் பிள்ளைகள் பெரும்பாலும் அரசுப் பள்ளிகளிலும் எனத் தனித்தனியாகத்தான் படிக்கிறார்கள். இதை மாற்ற நினைத்த பெற்றோர்கள், இரு தரப்புக்கும் இடையே வன்முறை நீடித்த கலவரக் காலத்திலேயே, 1981-இல், 28 மாணவர்களோடு ‘லாகன் கல்லூரி’ என்ற உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார்கள். இரு தரப்புப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் இன்டக்ரேட்டட் பள்ளிகளுக்கு அதுதான் முன்னோடி. 1989-இல் வந்த சட்டம், இவற்றை ஊக்குவிப்பது அரசின் கடமை என்றது. ஆனாலும் இன்றுவரை பத்தில் ஒரு பிள்ளைகூட இவற்றில் படிப்பதில்லை.

விண்ணப்பம் ஜனவரியில் இணையத்தில் திறக்கும். ஜூலை 1-க்குள் 4 வயது நிறைந்தால் வழக்கமாக அந்த செப்டம்பரிலேயே முதல் வகுப்பு. ஒரே பள்ளியை மட்டும் எழுதிவிட்டு இருந்துவிடாதீர்கள். விருப்ப வரிசையில் மூன்று நான்காவது போடுங்கள். சேர்க்கை விதிகள் பள்ளிக்குப் பள்ளி மாறும் என்பதால் ஒவ்வொன்றையும் படித்துப் பாருங்கள். சில இன்டக்ரேட்டட் பள்ளிகள் மத விகிதம் பார்த்து இடம் ஒதுக்குவதால், மதம் கேட்கும் கட்டத்தைக் காலியாக விட வேண்டாம்.

பார்வையாளர் நாளில் கட்டடத்தையும் கணினி அறையையும் ரசித்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். நீங்கள் வகுப்புக்குள் எட்டிப் பாருங்கள். ஒரு தரப்புப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் மட்டும் இருந்தால், தங்கள் அடையாளத்தை மறைத்துக்கொள்ளவே பழகுவார்கள். அந்தந்தப் பள்ளியில் எண்ணிக்கையில் குறைந்த தரப்பு 30 விழுக்காடாவது இருக்க வேண்டும் என்று இந்தப் பள்ளிகள் குறிவைப்பது அதனால்தான். நான்காம் வகுப்பில் கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல் நற்கருணைக்கு (தேவாலயத்தில் முதன்முறையாகப் புனித அப்பம் பெறும் சடங்கு) தயாராகும்போது மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். மத போதனையிலிருந்து உங்கள் மகளை விலக்கிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அந்த நேரத்தில் அவள் நடைவழியில் தனியாக உட்கார்ந்திருந்தால், அதுவே அவளைப் பிரித்துக் காட்டிவிடும். வேறு என்ன ஏற்பாடு என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கேள்வி: மகன் இன்டக்ரேட்டட் பள்ளியில் மூன்று வருடமாகப் படிக்கிறான். எல்லோரிடமும் பேசுகிறான். ஆனால் நெருங்கிய நண்பர் யாரும் இல்லை. கலந்து படித்தால் நட்பு தானாக வராதா?
– ஒரு தந்தை, டெர்ரி

பதில்: தானாக வராது. உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954-இலேயே இதைச் சொன்னார்: சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, சேர்ந்து உழைப்பது, மேலிடத்தின் ஆதரவு ஆகிய நான்கும் இருந்தால்தான் கலந்து பழகுவது மனத்தை மாற்றும். இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரலாம் என்று விட்டுவிட்டால், பிள்ளைகள் ஏற்கெனவே தெரிந்த முகத்தின் பக்கத்தில்தான் போய் உட்காருவார்கள். ஆசிரியரே நான்கு நான்கு பேராகக் கலந்து பிரித்து, பல வாரம் நீளும் ஒரு வேலையைத் தர வேண்டும். ஒரு நாள் சுற்றுலா போதாது.

இன்னொரு சிக்கல் பள்ளி முடிந்த பிறகு. பேருந்து ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் தரப்புத் தெருவில் இறக்கிவிட்டுப் போகிறது. சனிக்கிழமை கத்தோலிக்கப் பையன் ‘கேலிக்’ (Gaelic) எனப்படும் அயர்லாந்துக் கால்பந்துக்கும் புராட்டஸ்டன்ட் பையன் ரக்பிக்கும் போய்விடுகிறான். நீங்கள் செய்யக்கூடியது இதில்தான்: இரு தரப்பிலும் ஒவ்வொரு பையனாக இரண்டு பேரை மட்டும் வீட்டுக்குக் கூப்பிடுங்கள், அதையும் மாதம் இரண்டு முறையாவது தொடருங்கள். பிறந்த நாளுக்கு முப்பது பேரைக் கூப்பிட்டால் கேக் தீரும், நெருக்கம் வராது. உங்கள் வீடு இரு தரப்புக்கும் பொதுவான இடம் என்பது பெரிய வசதி. முதல் முறை கூப்பிடும்போது, பையனைத் திரும்ப அவன் வீட்டில் கொண்டுபோய் விடுவது உங்கள் பொறுப்பு என்பதையும் நேரத்தையும் அந்தப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். தயங்குகிறவர்கள் பலரும் வழியை நினைத்தே தயங்குகிறார்கள்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று ஒரு கத்தோலிக்கப் பையன் நெற்றியில் சாம்பலோடு வருவான். நவம்பரில் இன்னொருவன், போரில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களை நினைவுகூரும் சிவப்பு பாப்பிப் பூவைச் சட்டையில் குத்திக்கொண்டு வருவான். “அதைப் பத்திக் கேட்காதே” என்று மகனை அடக்காதீர்கள். “இது எதுக்கு வைக்கிறாங்க?” என்று அவன் கேட்கட்டும். மரியாதைக்காகப் பேசாமல் விட்டுவிடும் பழக்கம் இன்டக்ரேட்டட் பள்ளிகளிலும் உண்டு என்று ஆய்வாளர்களே குறித்திருக்கிறார்கள். வகுப்பிலும் அப்படித்தான் நடக்கிறது என்றால், அடுத்த பெற்றோர் கூட்டத்தில் வகுப்பாசிரியரிடம் நேராகவே கேளுங்கள்: அந்த இரண்டு நாட்களிலும் வகுப்பில் என்ன பேசினீர்கள்?